அடுப்பில் என்ன இருந்தது?

செய்தி வந்தபோது என் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இதை முதல் வரியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாள் என்ன, நேரம் என்ன என்று கேட்டால் நான் தடுமாறுவேன். அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டால் தடுமாற மாட்டேன். அப்படிக் கேட்டு என்னைப் பேசவைத்தவர்தான் அன்று காலை இறந்துபோயிருந்தார்.

தொலைபேசியில் சொன்னவள் செல்வி. கோவளத்தில் மீன் விற்கிறவள்.

“யம்மா, மெஹர் மேடம் தவறிட்டாங்கம்மா. காலைல தொழுதுட்டு உக்காந்தவங்க, நெஞ்ச புடிச்சிகினு அப்பிடியே சாஞ்சிட்டாங்களாம். நான் கூடைய போட்டது போட்டபடி கெளம்பறேன். நீ வர்றியா, இன்னா?”

அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு கிளம்பினேன். திருவிடந்தையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த இரண்டு பஸ்ஸிலும் செல்வி அழுதுகொண்டே வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஐம்பத்தாறு வயதில் சாக அவருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்ற கோபம்.

அவர் வீடு இருக்கும் தெரு குறுகலானது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். ஆண்கள் வெளியே நாற்காலிகளில் இருந்தார்கள். உள்ளே ஒருபுறம் உறவுக்காரப் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். மறுபுறம் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து வந்த ஒரு பெண். கைக்குழந்தையோடு ஒருத்தி. எங்கள் செல்வி, மீன் வாசனையோடு. அவருடைய மகள் பர்வீன் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, “அம்மா உங்களுக்கு எப்பிடிப் பழக்கம்?” என்று கேட்டாள். எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒரே பதிலைச் சொன்னார்கள்: “தெரிஞ்சவங்கம்மா.”

தன் தாய்க்கு இத்தனை தெரிந்தவர்களா என்று அந்தப் பெண் திகைத்து நின்றாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நாங்கள் எல்லோரும் அவருடைய கோப்புகள். வீட்டுக்குள் அடிபட்டு, நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்டு, அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்.

அவருடன் வேலை பார்த்தவர்கள் நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது, வெட்டுவதாக இருந்தால் போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மெஹருன்னிசா எங்கள் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலராக இருந்தார். குடும்ப வன்முறைச் சட்டத்தில் அப்படி ஒரு பதவி உண்டு. அடிபட்ட பெண் சொல்வதைக் கேட்டு, சம்பவ அறிக்கையாக எழுதி, நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணை கிடைத்தால் அது வீட்டுக்குள் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரி வேலை. அவர் அதை எப்படிச் செய்தார் என்பதை என் கோப்பை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் மகளின் பாடப்புத்தகங்களை அவள் படித்து முடித்ததும் நான் எடுத்துப் படித்தேன். அவள் பத்தாவது தேறிய வருடம் நானும் மனத்துக்குள் தேறினேன். என் கணவருக்கு நல்ல உத்தியோகம். அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். இருபத்தெட்டு வருடம் அங்கே இருந்தோம். அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அதனால் அவர் கை ஓங்குவதற்கு முன்னால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். நான் வாய் திறக்கக் கூடாது. ஓய்வு பெற்றதும் திருவிடந்தையில் சவுக்குத் தோப்புப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினோம். சொந்த வீடு என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். சுற்றிலும் மதில், அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. புதுவீட்டுக்குப் போன பிறகு அவருக்கு டி.வி. தேவைப்படவில்லை.

காவல் நிலையத்துக்குப் போனேன். “பாட்டி, இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?” என்றார் அங்கே இருந்தவர். எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது. என் அண்ணன், இத்தனை வருடம் அனுசரித்தவள் இன்னும் கொஞ்சம் அனுசரி என்றார். மகள் சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கிறாள். “எங்ககூட வந்துடும்மா” என்று அழுதாள். நான் ஏன் போக வேண்டும்? அந்த வீட்டுச் சுவருக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றி நனைத்தவள் நான். அடிபட்டவள் ஊரைவிட்டுப் போவதும் அடித்தவர் நடுக்கூடத்தில் உட்காருவதும் எந்த ஊர் நியாயம்? செங்கல்பட்டுக்குப் போய்ப் புத்தகக் கடையில் அந்தச் சட்டத்தைத் தமிழில் வாங்கினேன். மூன்று முறை படித்தேன். பதினான்கு தாள்களில், இரண்டு பக்கமும், முப்பத்தாறு வருடத்தையும் எழுதினேன். எடுத்துக்கொண்டு மெஹர் மேடத்தின் அறைக்குப் போனேன்.

அவர் அந்தப் பதினான்கு தாளையும் படித்தார். நான் எதிரில் உட்கார்ந்திருக்க, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு வரி விடாமல் படித்தார். அதுவரை நான் எழுதியதை யாரும் முழுதாகப் படித்ததில்லை. படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லா எழுதுறீங்கம்மா. ஆனா கோர்ட்டுல இது நிக்காது. எல்லாத்துலயும் ‘எப்போதும்’, ‘எப்போதும்’னு போட்டுக்கீறீங்க. எப்போதும் அடிச்சாருன்னா எப்பன்னு கேப்பாங்க. கடைசியா எப்ப?”

“போன மாசம் இருக்கும்.”

“தேதி?”

“தேதியெல்லாம் யாரு பாத்தா?”

“சரி, அத வுடுங்க. அன்னிக்கு அடுப்புல இன்னா இருந்துச்சி?”

நான் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் யோசிக்காமலே வந்தது. “கேழ்வரகுக் கூழு. துழாவிகினு இருந்தேன். துடுப்பத்தான் புடுங்கினாரு.”

“கூழா? எதுக்கு?”

“ஆடி மாசம். அம்மன் கோயில்ல ஊத்தறதுக்கு.”

அவர் மேசை மேல் இருந்த தினசரி நாட்காட்டியைப் பின்னுக்குப் புரட்டினார். “உங்க ஊரு கோயில்ல கூழு ஊத்தினது மூணாவது ஞாயித்துக்கெழமயா இருக்கும். நான் கேட்டு சரிபாத்துக்கறேன். அதுக்கு முந்தி?”

“வஞ்சிர மீனு. பொண்ணு வந்திருந்தா. அவ பையனுக்குப் பொறந்த நாளு.”

“அதுக்கு முந்தி?”

அப்படியே ஒவ்வொரு பாத்திரமாகப் பின்னால் போனோம். ஒரு மணி நேரத்தில் எட்டுச் சம்பவங்களுக்கு நாளும் இடமும் கிடைத்துவிட்டன. பதினான்கு தாளில் நான் ஒரு தேதிகூட எழுதியிருக்கவில்லை. என் சமையலறைக்குள் அத்தனை தேதிகள் இருந்தது எனக்கே தெரியாது. நான் வியந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவர் சாதாரணமாக, “பொம்பளைங்க எல்லாருக்கும் இப்பிடித்தாம்மா. கிழமைய மறந்துடுவாங்க, கொழம்ப மறக்க மாட்டாங்க” என்றார்.

அவர் எங்களைக் கோப்பு எண்ணை வைத்து நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. செல்வியைப் பார்த்தால் “இறா தொக்கு வந்துட்டாங்க” என்பார். (இதை மலரில் எழுதச் சொன்னவள் செல்விதான்.) நான் கேழ்வரகுக் கூழ்.

மென்மையானவர் என்று யாராவது இந்த மலரில் எழுதினால் நம்பாதீர்கள். என் எதிரிலேயே ஒரு பெண் அழ ஆரம்பித்தபோது, “அழுது முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்று எழுந்து போனார். திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணுக்கும் ஒரு டீ இருந்தது. ஆனால் கண்ணைத் துடைத்துவிடுகிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. அறிக்கையை எழுதி முடித்ததும் உரக்கப் படிப்பார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்பார். “இதுல உங்களுது இல்லாத வரி ஏதாச்சும் கீதா? சொல்லாம வுட்ட வரி ஏதாச்சும் கீதா?” இரண்டுக்கும் பதில் சொன்ன பிறகுதான் கையெழுத்து.

எங்கள் சண்டை அங்கேதான் தொடங்கியது.

அடுப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர், “இன்னிக்கு இன்னா சமைச்சீங்க?” என்று கேட்டிருந்தார். புளிக்குழம்பு, பீன்ஸ் பொரியல் என்றேன். “யாருக்கு?” என்றார். “அவருக்குத்தான். சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிடணும்.” பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “அடிக்கிறவருக்கு இன்னமும் சமைச்சி வெக்கறீங்களா?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சோறு போடறது என் புத்தி. அடிக்கிறது அவரு புத்தி. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்? எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்” என்றேன். அவர் தலையாட்டினார். எழுதிக்கொண்டார்.

உரக்கப் படித்தபோதுதான் அதை அறிக்கையில் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. மூன்றாம் பக்கத்தின் கீழே இருக்கிறது. மனப்பாடமாகச் சொல்வேன்: “மனுதாரர் இன்றுவரை எதிர்மனுதாரருக்கு மூன்று வேளையும் சமைத்து வைக்கிறார். சோறு போடுவது தன் புத்தி என்றும், அடிப்பது அவர் புத்தி என்றும், சமையலை எப்போது நிறுத்துவது என்பதைத் தானே முடிவு செய்வதாகவும் சொல்கிறார்.”

அதை அடியுங்கள் என்றேன். மாட்டேன் என்றார்.

“நடுவர் இதைப் படிச்சா சிரிப்பாங்க. வேளாவேளைக்கு வடிச்சிக் கொட்டறா, இவளுக்கு எதுக்குப் பாதுகாப்புன்னு தள்ளிடுவாங்க.”

“நீங்க சொன்னதுதான? பொய்யா?”

“சொன்னதையெல்லாம் எழுதிடறதா? நீ எனக்கு வேல செய்யறியா, அவருக்கா?”

“நான் இந்தத் தாளுக்கு வேல செய்யறம்மா. இதுல பாதி இருந்துச்சின்னா மீதியையும் நம்ப மாட்டாங்க.”

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு இருந்த கோபம் என் கணவர் மேல்கூட இருந்ததில்லை. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் அந்த அறிக்கை கையெழுத்தில்லாமல் கிடந்தது. வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடுவார். நான் எடுக்க மாட்டேன். என் கணவர் அடிப்பதை நிறுத்தவில்லை, நான் சமைப்பதை நிறுத்தவில்லை. என் பிடிவாதத்தில் நான் சரியாக இருந்தேன்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் ஒரு காலை என் இடது மணிக்கட்டு உடைந்தது. எப்படி என்பது அறிக்கையில் இருக்கிறது, இங்கே வேண்டாம். பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அன்றைக்கு எடுத்தேன்.

“அடுப்புல இன்னா இருக்குது?” என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“ஒண்ணுமில்ல. அடுப்பே பத்த வெக்கல.”

“வர்றேன்” என்று வைத்துவிட்டார்.

மதியம் வாசலில் நின்றார். கூட ஒரு பெண் காவலர். கையில் துணிப்பை, அதற்குள் என் கையெழுத்தில்லாத அறிக்கை. என் கணவர் வெளியாட்களிடம் மிகவும் மரியாதையானவர். “வாங்க மேடம், வாங்க, இந்த வெயில்ல. ஏய், மேடத்துக்கு டீ போடு” என்றார், என் கையைப் பார்த்துக்கொண்டே.

“எனக்கு நோன்பு சார்” என்றார் மெஹர் மேடம். “நீங்க குடிங்க. நீங்களே போட்டுக்குங்க, நாங்க கொஞ்சம் பேசணும்.”

அவரால் மறுக்க முடியவில்லை. சமையலறைக்குள் போனார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்தோம். மெஹர் மேடம் தணிந்த குரலில் அறிக்கையைப் படித்தார். காலையில் நடந்ததைச் சேர்த்து எழுதினார். உள்ளே ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சமையலறை வாசலில் நின்ற அந்தக் காவலர் பெண், “இன்னா சார், டீத்தூளு எந்த டப்பாவுலன்னுகூடத் தெரியாதா? இத்தினி வருஷமா இந்த வூட்லதான கீறீங்க?” என்றது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு வருடத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் மெஹர் மேடம் நிறுத்தினார். “இந்த வரி அப்பிடியேதான் இருக்குது. அடிக்கல. இப்பவும் வேணாம்னா நான் திரும்பிப் போறேன்.”

மணிக்கட்டு வலியில் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. வலது கையால் கையெழுத்துப் போட்டேன். சம்மதித்துப் போட்டதில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். “சரி. சம்மதம் இல்லன்னாலும் அது உண்மதான?” என்றார். உண்மைதான்.

போகும்போது என் கணவரிடம், “சார், நோட்டீஸ் வரும். வர்ற வரைக்கும் இவங்கமேல கை பட்டுச்சின்னா, டீத்தூள் தேட இந்தப் பொண்ணே வரும்” என்று காவலரைக் காட்டினார். பிறகு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வராண்டாவில் நின்று, பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழத்தை எடுத்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். காலையிலிருந்து இரண்டு பேரும் சாப்பிடாதவர்கள். அவர் கடவுளுக்காக, நான் அடுப்பு எரியாததால். அந்தப் பெண்மணி அந்த வெயிலில், நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், மாமல்லபுரம் வந்து பஸ் மாறி என் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இடைக்கால ஆணை சில வாரத்தில் வந்துவிட்டது. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, வீட்டைவிட்டு என்னை வெளியேற்றக் கூடாது. என் பெயருக்கு நேராக அரசு முத்திரையோடு வந்த முதல் காகிதம் அதுதான். உடனே மாமல்லபுரத்துக்குப் போய் லேமினேட் செய்து, கூடத்தில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டினேன். நிலைமை பார்க்க வந்த மெஹர் மேடம் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யம்மா, இன்னா இது, ரேசன் கார்டா? ஸ்டேஷன்ல சீல் வெக்கணும்னா இது மேல எப்பிடி வெப்பாங்க?”

“அவரு தெனம் பாக்கட்டும்னுதான் மாட்டினேன்.”

“பாக்கறதுக்கு ஒண்ணு இருக்கட்டும். இன்னொரு நகல் வாங்கித் தர்றேன், அது மடிச்சி எடுத்துகினு ஓடறதுக்கு. உங்க புடவ இருக்கற பொட்டியில வைங்க.”

இரண்டையும் அவர் சொன்னபடியே வைத்தேன். லேமினேட் செய்தது இன்றும் கூடத்தில் இருக்கிறது.

முழு விசாரணைக்கு ஒரு வருடம் ஆனது. வாய்தா மேல் வாய்தா. நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் நான் உட்காராத இடம் கிடையாது. கடைசியில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். இந்த ஆணை நிலைக்காவிட்டால் நான் அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லாமல் அவரோடு தனியாக இருக்க வேண்டும், அல்லது மகள் வீட்டில் ஒரு மூலையில். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

என் கணவரின் வக்கீல் அனுபவசாலி. மிகவும் அன்பாகக் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரருக்கு யார் சமைக்கிறாங்கம்மா?”

“நான்தான்.”

“தினமுமா?”

“தினமும்.”

“நேத்து என்ன சமைச்சீங்க?”

“வத்தக்குழம்பு. சுட்ட அப்பளம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். “பாருங்கம்மா, கொடுமைப்படுத்துற புருஷனுக்கு யாராவது அப்பளம் சுட்டு வைப்பாங்களா? நீங்க சந்தோஷமா குடும்பம் நடத்துறீங்க. யாரோ தூண்டிவிட்டு இங்க வந்திருக்கீங்க. அப்படித்தானே?”

நான் பயந்தது இதற்குத்தான். மெஹர் மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு பார்வை பார்த்தேன். உன் வரியால் வந்தது, பார் என்று. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

நடுவர் இளவயதுப் பெண். வழக்குக் கட்டைப் பிரித்து அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை எடுத்தார். அந்த வரியை உரக்கப் படித்தார். சோறு போடுவது என் புத்தி, அடிப்பது அவர் புத்தி. என் வார்த்தைகள் அந்தக் கூடத்தில் இன்னொரு வாயிலிருந்து வந்தன. சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள்.

“இதை இவங்க முதல் நாளே சொல்லியிருக்காங்களே” என்றார் நடுவர். பிறகு வேறொரு தாளைத் திருப்பினார். “ஆனா உங்க கட்சிக்காரர் பதில் மனுவுல என்ன போட்டிருக்கார்? மனைவி சமைக்கிறதே இல்ல, நோயாளியான தன்னைப் பட்டினி போடுறாங்க, அதனாலதான் வாக்குவாதம் வந்ததுன்னு இருக்கு. இப்ப தினமும் சமைக்கிறாங்கன்னு சொல்றீங்க. இதுல எது சரி?”

பதில் மனுவை எழுதியவர் வேறு ஒரு ஜூனியராம். வக்கீல் தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். சமையலறையில் டப்பாக்களைத் திறந்து மூடிய சத்தம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பாதுகாப்பு ஆணை உறுதியானது. தனக்குச் சாதகமில்லாததையும் முதலிலேயே சொன்ன மனுதாரரின் மற்ற வார்த்தைகளை நம்பாமலிருக்கக் காரணமில்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. வேப்பமரத்தடியில் மெஹர் மேடத்தைப் பிடித்து நிறுத்தினேன். “இப்பிடி வரும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றேன்.

“நான் இன்னா ஜோசியக்காரியா? நீங்க சொன்னீங்க, எழுதினேன். நல்லா இருக்கறத மட்டும் எழுதனா அது மனு இல்லம்மா, கல்யாணப் பத்திரிகை.”

அன்று அவர் மேல் எனக்கு வந்தது நன்றி என்று சொல்ல மாட்டேன். நன்றி சின்ன வார்த்தை. அந்தக் கட்டடத்தில் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வழக்காடிகள் எல்லோரும் ஏதாவது ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் பதினான்கு தாளில் அதைத்தான் செய்திருந்தேன். இவர் ஒருவர் மட்டும் கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டு, வருவது வரட்டும் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மலைத்துப்போய் நின்றேன். அவர் மணியைப் பார்த்துவிட்டு, அடுத்த வழக்குக்கு ஓடினார்.

என் கணவர் அதற்குப் பிறகு கை ஓங்கவில்லை. காகிதத்துக்குப் பயந்தாரா, அந்தக் காவலர் பெண்ணுக்கா, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நான் சமைத்துக்கொண்டுதான் இருந்தேன். தீர்ப்பு வந்து எட்டு மாதம் கழித்து ஒரு சாதாரண நாளில், அரிசி களைந்துகொண்டிருந்தபோது, போதும் என்று தோன்றியது. ஒன்றும் நடக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து வடித்தேன். அவரிடம் போய், “நாளையிலிருந்து உங்க சாப்பாட்ட நீங்க பாத்துக்குங்க. டீத்தூளு இரண்டாவது தட்டுல, மஞ்சா மூடி டப்பா” என்றேன். மெஹர் மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அறிக்கையில் இருப்பதால் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சபாஷ் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “சரி, உங்களுக்கு இன்னா சமைச்சீங்க?”

எனக்கென்று நான் ஒன்றும் சமைத்ததில்லை. என் கணவருக்குப் பிடிப்பதைச் சமைத்து, மீந்ததைத் தின்றவள். எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் செல்வியிடம் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். அந்த நாற்றம் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது முப்பத்தெட்டு வருடச் சட்டம். குழம்பு வைத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னேன். “ஆங், இத எழுதிக்கலாம்” என்று சிரித்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டு கேள்விகளைத்தான். இதை எழுதி முடித்து, என் சமையலறையில் நின்று உரக்கப் படித்தேன். என்னுடையது இல்லாத வரி எதுவும் இல்லை. சொல்லாமல் விட்ட வரி ஒன்று இருக்கிறது.

அன்று பர்வீன் என் கையையும் பிடித்துக் கேட்டாள். யாருக்கும் அஞ்சாதவள், கூண்டில் ஏறிப் பேசியவள் என்று நான் நினைத்திருந்த இந்தக் கமலவேணி, அத்தனை பேர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு, “தெரிஞ்சவங்கம்மா” என்றாள். உன் தாய் பக்கத்து அறையில் கிடக்க, அவர் வாழ்நாளெல்லாம் ஏற்றுக்கொள்ளாத பாதிப் பதிலை உன்னிடம் சொன்னேன்.

அதைத் திருத்திக்கொள், பர்வீன். என் பெயர் கமலவேணி. ஊர் திருவிடந்தை. என் கணவர் என்னை அடித்தார், உன் அம்மா எழுதிய அறிக்கையில் நான் மனுதாரர். அவர் இறந்த செய்தி வந்தபோது என் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு இருந்தது. எனக்காக வைத்தது.